ஆட்டக்காரர் கட்டும் கட்டணம்: அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் விளையாட்டுக் கணக்கு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் மாணவர் பெரும்பாலும் கட்டணச் சலுகையோடு வருவார். கோப்பைகள் கிடைக்கும், பெயர் கிடைக்கும் என்று நிர்வாகம் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் சிறு தனியார் கல்லூரிகளில் நிலைமை நேர் எதிர். அங்கே கல்லூரியைத் தாங்குவதே ஆட்டக்காரர் கட்டும் பணம்தான் என்று சொல்லும் அளவுக்கு அணிகள் பெருகியிருக்கின்றன. இந்த ஏற்பாடு கணக்கில் நிற்குமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சில இடங்களில், சில காலம் நிற்கும். ஆனால் அதை நிரூபிக்க இன்று காட்டப்படும் கணக்கு தவறான கணக்கு என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் வெளியுலகின் கண்ணில் படுவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லட்சம் இருக்கை அரங்கமும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும்தான். அந்தப் பணம் கீழே இறங்குவதில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1973இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. மூன்றாம் பிரிவில் இன்று 400க்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஆட்டக்காரர் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சம். உறுப்பினர் எண்ணிக்கையில் இதுவே பெரிய பிரிவு. சங்கத்தின் வருவாயில் இதற்கு ஒதுக்கப்படும் பங்கோ வெறும் 3.18 சதவீதம். விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது இந்தப் பிரிவின் அடிப்படை விதி. மதிப்பெண்ணுக்காகவோ குடும்ப வறுமைக்காகவோ எல்லா மாணவருக்கும் தரும் சலுகைதான் ஆட்டக்காரருக்கும். ஆக, மூன்றாம் பிரிவு வீரர் அடிப்படையில் கட்டணம் செலுத்தும் மாணவர். இந்த ஒரு விதியிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன.

மிச்சிகனின் அந்தப் பேரரங்கத்திலிருந்து கார்ப் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஏட்ரியன் கல்லூரி இருக்கிறது. 1859இல் தொடங்கிய, மெதடிஸ்ட் திருச்சபைத் தொடர்புள்ள கல்லூரி. 2005இல் ஜெஃப்ரி டாக்கிங் தலைவராக வந்தபோது மாணவர் தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர் செய்தது எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட: ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆண்டுக்கு இத்தனை மாணவரைச் சேர்த்தாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். ஆட்டத்தில் தோற்றாலும் மன்னிப்பு உண்டு. ஆள் சேர்ப்பதில் தோற்றால் வேலை நிச்சயமில்லை. பனிச்சறுக்கு அரங்கம் எழுந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பல ஐஸ் ஹாக்கி அணிகள் வந்தன. கூட்டுப் பனிச்சறுக்கு, தூண்டில் மீன்பிடிப்பு எனப் பட்டியல் நீண்டது. சில ஆண்டுகளில் மாணவர் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. டாக்கிங் தன் முறையை 2015இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். தடுமாறிக்கொண்டிருந்த கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களுக்கு அது வழிகாட்டி நூலாகப் பட்டதில் வியப்பில்லை.

இந்த முறையின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? பந்தியில் இலை போட்டாயிற்று, சமையலும் முடிந்தது. இன்னும் நாலு பேர் உட்கார்ந்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. பேராசிரியர் சம்பளம், நூலகம், விடுதிக் கட்டடம் எல்லாம் ஏற்கெனவே செலவானவை. காலி நாற்காலியில் வந்து அமரும் மாணவர் கட்டும் தொகை பெரும்பாலும் வரவே. பொருளியலார் விளிம்புச் செலவு என்பது இதைத்தான். தருக்கம் சரியானதே. இதை ஏளனம் செய்யும் பேராசிரியர்கள் தங்கள் துறையின் காலி இருக்கைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

சிக்கல் தொகைகளில் இருக்கிறது. கற்பனைக் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கப்பட்ட படிப்புக் கட்டணம் 40,000 டாலர். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்கு அளித்த சராசரித் தள்ளுபடி 2022–23இல் ஏறத்தாழ 56 சதவீதம். ஆகவே கைக்கு வருவது ஒருவருக்கு 17,600 டாலர். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கி 100 பேரைச் சேர்த்தால் வரவு 17.6 லட்சம் டாலர். பயிற்சியாளர், பயணம், தலைக்கவசம், மருத்துவம் எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 7 லட்சம் என்று வைத்தால் மிச்சம் 10.6 லட்சம். நிர்வாகக் குழு பார்க்கும் தாள் இதுதான்.

இப்போது அதே தாளை இன்னொரு முறை படிக்கலாம். அந்த நூறு பேரில் முப்பது பேர் அணி இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரிக்கே வந்திருப்பார்கள் என்றால் அவர்களை வரவில் சேர்ப்பது நியாயமில்லை. போட்டிக் கல்லூரி கூடுதல் சலுகை காட்டுவதால் தள்ளுபடியை 65 சதவீதமாக உயர்த்த வேண்டிவந்தால் தலைக்கு 14,000 டாலர்தான் வரும். எழுபது பேருக்கு 9.8 லட்சம். செலவு போக மிச்சம் 2.8 லட்சம். அரங்கம் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி இன்னும் கழிக்கவில்லை. கற்பனைத் தொகைகள்தாம், ஆனால் இரண்டே அனுமானங்களை மாற்றியதில் நான்கில் மூன்று பங்கு லாபம் காணாமல் போவது கவனத்துக்குரியது.

கால்பந்துக்கே உரிய தனிச் சுமையும் உண்டு. பாலினச் சமத்துவத்தை வலியுறுத்தும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பின்படி விளையாட்டு வாய்ப்பில் பெண்களுக்கு உரிய பங்கு தர வேண்டும். ஒரேயடியாக நூறு ஆண்களைச் சேர்த்தால் பெண்கள் அணிகளையும் கூட்ட வேண்டிய கட்டாயம் வரலாம். அந்த அணிகளும் கட்டணம் கொண்டுவரும், உண்மை. ஆனால் அவற்றுக்கும் ஆள் கிடைக்க வேண்டும். இன்னொன்று: ஒரே நேரத்தில் களத்தில் நிற்பவர் பதினொருவர். நூறு பேரின் பெற்றோரிடமும் உங்கள் பிள்ளை ஆடுவான் என்று சொல்லித்தான் சேர்த்திருப்பார்கள். ஓரத்திலேயே நின்று பருவத்தை முடித்தவன் இரண்டாம் ஆண்டு திரும்புவான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஐயத்துக்கு வலு சேர்க்கிறது. இந்த நூற்றாண்டில் புதிதாகக் கால்பந்தைச் சேர்த்த கல்லூரிகளை, அதைச் சேர்க்காத ஒத்த கல்லூரிகளோடு ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் மாணவர் தொகை துள்ளி எழுகிறது. பிறகு அந்த எழுச்சி அடங்கிவிடுகிறது. மாணவர் தொகையிலோ கட்டண வருவாயிலோ நீடித்த ஏற்றம் தெரியவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. பக்கத்து ஊர்க் கல்லூரியும் அதே வழிகாட்டி நூலைத்தான் படித்திருக்கிறது. முதலில் இறங்கியவருக்குக் கிடைத்த அறுவடை பத்தாவதாக இறங்கியவருக்குக் கிடைக்காது.

அலபாமாவின் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி இதற்கு மிகச் சிக்கலான சான்று. சிக்கலாக இருப்பதாலேயே பயனுள்ள சான்றும்கூட. அந்தக் கல்லூரி முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. செலவு தாளாமல் 2006இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவெடுத்தது. முதல் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கல்லூரியின் செலவு. மூன்றாம் பிரிவில் அந்தச் சுமை இல்லை. கையோடு, பல பத்தாண்டுகளாகக் கைவிட்டிருந்த கால்பந்தை 2007இல் மீண்டும் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் சொன்னபடியான நடவடிக்கை. மாணவர் தொகையும் சில ஆண்டுகள் ஏறியது. ஆனால் அதே காலத்தில் கட்டுமானத்துக்குக் கடன் குவிந்தது, 2008இன் நிதி நெருக்கடி அறக்கட்டளை நிதியைக் கரைத்தது, 2010இல் மாணவர் உதவித்தொகைக் கணக்கில் பெரும் பிழை வெளிப்பட்டது. அடுத்து வந்த தலைவர், ஓய்வுபெற்ற மரைன் படைத் தளபதி சார்ல்ஸ் க்ரூலக், சம்பளமே வாங்காமல் வேலை செய்தார். அப்படியும் சரிவு நிற்கவில்லை. கடைசி ஆண்டில் மாணவர் எழுநூற்றுச் சொச்சம் பேர். மாநில அரசிடம் கேட்ட 3 கோடி டாலர் கடனை 2023 அக்டோபரில் மாநிலக் கருவூலத் தலைவர் மறுத்தார். 2024 மார்ச்சில் மூடுவதாக அறிவித்து, மே 31 அன்று கல்லூரி மூடப்பட்டது. அன்றைய தினமே அதன் பேஸ்பால் அணி ஒஹாயோவில் மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, இல்லாத கல்லூரியின் அணியாக 10–11 என்ற கணக்கில் தோற்று வெளியேறியது.

செய்தித்தாள்கள் இதை உருக்கமான கதையாக்கின. ஆய்வாளர் பார்க்க வேண்டியது வேறு. விளையாட்டு அந்தக் கல்லூரியைக் கொல்லவில்லை. கடனும் கணக்குப் பிழையும் கொன்றன. ஆனால் அணிகள் இருந்தும் மாணவர் தொகை பாதியானது. அணி இருந்தால் மாணவர் வருவார் என்ற வாய்பாடு, கல்லூரியின் மற்ற அம்சங்கள் மீது நம்பிக்கை இருக்கும்வரைதான் வேலை செய்கிறது.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. அட்லாண்டாவின் ஸ்பெல்மன், கறுப்பினப் பெண்களுக்கென 1881இல் தொடங்கப்பட்ட கல்லூரி. அதன் அப்போதைய தலைவர் பெவர்லி டேனியல் டேட்டம், என்.சி.ஏ.ஏ.வை விட்டு வெளியேறுவதாக 2012இல் அறிவித்தார். மாணவியர் சுமார் 2,100. அணிகளில் இருந்தவர் 80 பேர். ஆண்டுச் செலவு 9 லட்சம் டாலரை ஒட்டியது. தலைக்கு 11,000 டாலருக்கு மேல். கறுப்பினப் பெண்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் பரவலாக இருக்கையில் இந்தப் பணம் எல்லா மாணவியரின் உடல்நலத்துக்கும் போகட்டும் என்பது அவர் வாதம். ஸ்வார்த்மோர் கல்லூரியோ 2000 டிசம்பரில் கால்பந்தையும் மல்யுத்தத்தையும் கைவிட்டது. அங்கே பணம் பிரச்சினையே அல்ல, இடம்தான் பிரச்சினை. அப்போது ஆயிரத்து நானூறு பேர் படித்த கல்லூரியில் அணிக்கு ஆள் சேர்க்க ஒதுக்கும் ஒவ்வோர் இடமும் இன்னொரு விண்ணப்பதாரரின் இடம். சிறு உயர்நிலைக் கல்லூரிகளில் ஆட்டக்காரர் விகிதம் பெரும் பல்கலைக்கழகங்களைவிட மிக அதிகம் என்பதை ஆய்வாளர் ஷுல்மனும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் போவனும் 2001இல் வெளியிட்ட நூல் தரவுகளோடு காட்டியது.

ஸ்பெல்மனும் ஸ்வார்த்மோரும் துணிந்ததற்குக் கொள்கை மட்டும் காரணம் என்று நம்புவது வெகுளித்தனம். இரண்டுக்கும் விண்ணப்பங்கள் குவிகின்றன. அணியைக் கலைத்தாலும் நாற்காலி காலியாவதில்லை. ஏட்ரியனுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஸ்பெல்மனைக் காட்டி ஏட்ரியனைக் குறைசொல்வது சரியல்ல. ஏட்ரியனைக் காட்டி எல்லாக் கல்லூரியையும் கால்பந்துக்கு இழுப்பதும் அதே பிழையின் மறுபக்கம். ஒரே செலவு ஓரிடத்தில் விரயம், இன்னோரிடத்தில் முதலீடு. எது எதுவென்று அறிய ஒரு வழிதான் உண்டு: அணியால் மட்டுமே வந்தவர் எத்தனை பேர், அவர்கள் தள்ளுபடி போகக் கட்டியது எவ்வளவு, இரண்டாம் ஆண்டு திரும்பியவர் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் வெளியிடுவது.

இன்றைய பொதுக் கணக்கில் இவை கிடைக்காது. 1994ஆம் ஆண்டின் விளையாட்டுச் சமவாய்ப்பு வெளிப்படுத்தல் சட்டப்படி கூட்டாட்சி மாணவர் உதவி பெறும் இருபாலர் கல்லூரிகள் ஆண்டுதோறும் அணிகளின் வரவு செலவை அறிவிக்கின்றன. கல்லூரி தன் பொது நிதியிலிருந்து அணிக்குத் தரும் பணத்தையும் அந்தப் படிவத்தில் வரவாகக் காட்டலாம். அதனால்தான் பல சிறு கல்லூரிகளின் அறிக்கையில் விளையாட்டு வரவும் செலவும் ஒரு டாலர்கூட வேறுபடாமல் சமமாக நிற்கின்றன. ஆட்டக்காரர் எண்ணிக்கை, பயிற்சியாளர் சம்பளம், ஆட்டநாள் செலவு எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு. முதலாண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.