கணுக்கால் கற்றுத் தந்த பாடம்



மழை நாளில் மலைச்சரிவில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகாத தோட்டக் குடும்பம் நம்மிடையே அரிது. எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி, வீக்கம் வடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறோம். பல ஆண்டுகள் கழித்து அதே கணுக்கால் விடியற்காலையில் விறைத்துக்கொள்கிறது. படி இறங்கும்போது குத்துகிறது. வயதாகிவிட்டது என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். உண்மையில் அது பழைய அடியின் மிச்சம். இதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

1756-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கண்டபடி தூக்கினால் எலும்பு மேலும் விலகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே விழுந்த இடத்திலேயே கிடந்து, ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அதில் கழிகளை அடித்து, அதன்மேல் படுத்து வீடு சேர்ந்தார். காலை வெட்டிவிட ஏற்பாடானபோது அவருடைய ஆசான் வந்து தடுத்தார். கால் பிழைத்தது. பின்னர் அவர் எலும்பு முறிவைப் பற்றி நூல் எழுதினார். கணுக்கால் முறிவு ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1852-இல் டச்சு இராணுவ மருத்துவர் மாத்தைசன் மாவுக்கட்டு போடும் முறையை வெளியிட்டார். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அதுவரை கையால் தடவிப் பார்த்த எலும்பை மருத்துவர்கள் கண்ணால் காண முடிந்தது.

1976-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வியப்பான உண்மையைக் கண்டனர். கணுக்காலுக்குள் அமர்ந்திருக்கும் எலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலும், மூட்டில் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது. உடல் பாரம் முழுவதும் எஞ்சிய சிறிய இடத்தில் விழுகிறது. மூட்டைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்த ஓட்டம் இல்லை. தேய்ந்தால் எளிதில் வளராது. இடுப்பு, முழங்கால் வாதம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்கால் வாதமோ பத்தில் ஏழு பேருக்குப் பழைய காயத்தால் வருவது.

ஆகவே முதல் சில நாட்களே முக்கியம். காயம் பட்டபின் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? பக்கவாட்டில் புடைத்த எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்துத் தந்த எளிய விதி இது. எலும்பு விலகியிருக்கும்போது உருவித் தேய்ப்பது ஆபத்து.

வாதம் வந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். தட்டைச் சிலிப்பரை விட்டு, தடித்த அடியுள்ள காலணி அணியலாம். ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். உடல் எடையைக் குறைத்தால் மூட்டின் சுமையும் குறையும். பெயர் தெரியாத வலி மாத்திரைகளை வாங்கி விழுங்கக் கூடாது. இவற்றால் பலன் இல்லையென்றால், மூட்டை அசையாமல் இணைத்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 1970-இல் பிரான்சில் செயற்கைக் கணுக்காலும் பொருத்தப்பட்டது.

இன்னொரு வரலாறும் நமக்கு உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் நம் நாட்டில் சொக்சோ தொடங்கியது. வேலையிலோ, வேலைக்குப் போகும் வழியிலோ நேரும் காயத்தை அது காக்கிறது. விபத்தை அறிந்த முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சின்ன சுளுக்குத்தானே என்று நாம் சொல்லாமல் விட்டால், பிற்காலத்தில் கால் நொண்டும்போது காட்டுவதற்குச் சான்று இருக்காது. ஆகவே அன்றே சொல்வோம். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துவோம்.

விழுந்த இடத்திலும் அவசரப்படாத பாட் தம் காலைக் காப்பாற்றிக்கொண்டார். நம் வீட்டில் யாராவது வழுக்கி விழும் நாளில் அவரை நினைப்போம்.