நோலியின் ரோம் நிலப்படமும் மின்னணுக் குறிப்புரையும்

ஜியாம்பத்திஸ்தா நோலி அளந்து வரைந்து 1748-இல் வெளியிட்ட ரோம் நகர நிலப்படம், 12 பெரிய செப்புத்தகடுகளில் செதுக்கி அச்சிடப்பட்டது. அளவைப் பணி 1736-இல் தொடங்கியது. வீடுகளை நெருக்கமான கோடுகளால் கருமையாக்கிய நோலி, தெரு, சதுக்கம், தேவாலயங்களின் உள்மண்டபம் ஆகியவற்றை வெள்ளையாக விட்டார். மக்கள் புழங்கும் இடம் எதுவென்று பார்த்த கணத்திலேயே விளங்கிவிடும்.

படத்துக்குக் குறிப்பு எழுதும் வேலையையும் அவரே தொடங்கிவைத்தார். 1,320 இடங்களுக்கு எண்ணிட்டுப் பெயர்ப்பட்டியல் சேர்த்தார். ஆனால் தாளில் பெயரைப் பிடித்து, எண்ணை மனத்தில் இருத்தி, எறும்பளவு எழுத்தைத் தேடி அலைய வேண்டும். அந்த அலைச்சலைத் தீர்த்தது ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஜிம் டைஸும் எரிக் ஸ்டைனரும் 2005-இல் இணையத்தில் அமைத்த பதிப்பு. எண்ணைத் தொட்டால் பெயரும் வரலாறும் திறக்கும்.

இத்தகைய பணியில் முதலில் தாள்களை ஸ்கேன் செய்து ஓரம் இணைக்கிறார்கள். அச்சிடும்போது நனைந்து உலர்ந்த தாள் சீராகச் சுருங்குவதில்லை; ஆகவே விளிம்புகள் எளிதில் பொருந்தா. அடுத்து, பாந்தியன்போல இன்றும் நிற்கும் கட்டடங்களைப் பிடிமானமாகக் கொண்டு படத்தை இன்றைய ஆயத்தொலைவுகளோடு கட்டுகிறார்கள். நோலியின் அளவை துல்லியமானது என்பதால் இது கைகூடுகிறது. குறிப்புகளைப் படத்தின்மேல் எழுதாமல் தனிக் கோப்பில் வைப்பதே முறை. இணையக் குறிப்புகளுக்கென உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017-இல் வகுத்த தரமும் இதற்கு இடம் தருகிறது. நோலி எழுதிய பெயர் வேறு, பின்வந்தவர் சேர்த்த விளக்கம் வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் சான்றே கெட்டுவிடும்.

நகரக் காட்சி ஓவியங்களை இணைக்கும்போது நிலப்படத்தின் கணக்கு செல்லாது; ஓவியர் நின்ற இடத்தைக் கண்டறிந்தாக வேண்டும். ஜுசேப்பே வாசி 1747 முதல் 1761 வரை பத்து நூல்களாக வெளியிட்ட 200க்கும் மேற்பட்ட நகரக் காட்சிச் செதுக்கோவியங்களை டைஸ், ஸ்டைனர் குழு நோலியின் படத்தோடு இணைத்திருக்கிறது.

ரோமின் ஆற்றங்கரையில் இருந்த ரிப்பெத்தா படகுத்துறை இந்த இணைப்பின் பயனைக் காட்டும். 1703 நிலநடுக்கத்தில் கொலோசியத்திலிருந்து சரிந்த கற்களையும் கொண்டு, அலெஸ்ஸாந்த்ரோ ஸ்பெக்கி 1704-இல் கட்டிய துறை அது. நோலியின் தாளில் அதன் படிகள் சில வளைகோடுகள் மட்டுமே. வாசியின் ஓவியத்தில் அவை ஆற்றுக்குள் இறங்குகின்றன. படகுகள் கரையணைந்து நிற்கின்றன. 1870 வெள்ளத்துக்குப்பின் எழுந்த கரைச்சுவர் அந்தத் துறையை விழுங்கிவிட்டது. இன்று அங்கே போனால் கவூர் பாலமும் வாகனங்கள் விரையும் சாலையும்தான் இருக்கின்றன.