'பாஸ்' தூண்டிலும் மஹசீர் மீனும்: நன்னீர்த் தூண்டில் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுதில்லி: இணையவழி விற்பனைத் தளங்களில் தூண்டில் கருவிகளைத் தேடும் தலைநகரவாசி ஒருவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'பாஸ்'. கழி, ரீல், நரம்பு, செயற்கை இரை என எதை எடுத்தாலும் அதன் உறையில் அந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் பாஸ் வட அமெரிக்க நன்னீர் ஏரிகளைத் தாயகமாகக் கொண்ட மீன். இந்திய ஆறுகளின் இயல்பான மீன் அல்ல. தில்லியிலிருந்து தூண்டிலுடன் புறப்படுவோர் தேடிச் செல்வது இமயமலை அடிவார ஆறுகளின் மஹசீரையும், மலை ஓடைகளின் டிரௌட்டையும், சமவெளிக் குளங்களின் விராலையும்தான்.

இந்த வேறுபாடு பெயரளவிலானது மட்டுமல்ல. பெருவாய் பாஸ் மீனின் உலகச் சாதனை எடை 10 கிலோவைச் சற்றே தாண்டுகிறது. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரியும், 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதாவும் அந்த எடையை எட்டினர். வழக்கமாகச் சிக்குவது ஓரிரு கிலோ எடையுள்ள மீன்களே. மாறாக, 1946-இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. அத்தகைய மீன்கள் இன்று அரிது. ஆயினும் பாஸுக்கென வடிவமைக்கப்பட்ட மெல்லிய கருவியில் 10 கிலோ மஹசீர் சிக்கினாலும் நரம்பு அறும், அல்லது போராட்டம் நெடுநேரம் நீளும். இரண்டுமே மீனுக்குக் கேடு.

அதற்குக் காரணம் உண்டு. நீண்ட போராட்டத்தில் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. வெதுவெதுப்பான நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் குறைவு. களைத்துப்போன மீனை நீரில் விட்டாலும் அது பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நரம்பு அறுந்தால் வாயில் கொக்கியும் பின்னால் பல மீட்டர் நைலானும் தொங்க அது பாறை இடுக்குகளில் அலைய நேரிடும். மெல்லிய கருவியால் பெரிய மீனை அடக்குவதே திறமை என்ற எண்ணம் தூண்டில்காரர்களிடையே பழையது. பிடித்த மீனை உயிருடன் விட வேண்டிய ஆறுகளில் அது ஒரு தவறான பெருமிதம்.

பொன் மஹசீர் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'அழியும் நிலையில் உள்ள' இனமாக உள்ளது. காவிரி வடிநிலத்தின் திமில் மஹசீர் 2018-இல் 'மிக அழியும் நிலையில் உள்ள' இனமாகச் சேர்க்கப்பட்டது. எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பது வசதி சார்ந்த முடிவாக மட்டும் இருக்க முடியாது.

கழி

கழியில் கவனிக்க வேண்டியவை நீளம், வலு, வளையும் பாங்கு ஆகிய மூன்று. ஏரியில் படகிலிருந்து பாஸ் பிடிப்போருக்கு ஆறரை முதல் ஏழு அடிக் கழி போதும். அகன்ற, விரைந்தோடும் ஆற்றின் கரையில் நின்று மஹசீருக்கு வீசுவோருக்கு எட்டு முதல் பத்து அடி வரை தேவைப்படுகிறது. நீளமான கழி இரையைத் தொலைவுக்கு வீசுவதோடு, கரையோரப் பாறைகளின் மீது நரம்பு உரசாமல் உயர்த்திப் பிடிக்கவும் உதவுகிறது. கழியின் அடிப்பகுதியில் அது தாங்கும் நரம்பின் வலுவும் வீசக்கூடிய இரையின் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பர வாசகங்களை விட்டுவிட்டு அந்த இரு எண்களைப் படிப்பது நல்லது. மஹசீருக்கு 20 முதல் 80 கிராம் இரையை வீசக்கூடிய கழி பொருந்தும்.

கார்பன் இழைக் கழி எடை குறைந்தது. மீன் இரையை முகர்வதைக்கூடக் கைக்கு உணர்த்துவது. ஆனால் பாறையில் ஒருமுறை மோதினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து பின்னொரு நாள் திடீரென முறியும். கண்ணாடி இழைக் கழி கனமானது, மந்தமானது, எளிதில் உடையாதது. முதல் கழி வாங்குவோருக்கு இரண்டும் கலந்த கழி தவறான தேர்வல்ல. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்கலாகாது. தாழ்வான மின்கம்பிகளுக்கு அடியிலும், இடி மின்னலின்போதும் அதை உயர்த்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. பேருந்திலோ ரயிலிலோ செல்வோர் மூன்று அல்லது நான்கு துண்டுகளாகக் கழற்றக்கூடிய கழியை வாங்கலாம். கழிகள் அதிகம் முறிவது மீனை அடக்கும் வேளையில் அல்ல. கரைக்கு வந்துவிட்ட மீனைக் கழியைத் தலைக்கு மேல் நிமிர்த்தித் தூக்க முயலும்போதுதான்.

ரீல்

கழியின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல், மேலே அமரும் பெய்ட்காஸ்டிங் ரீல் என இரு வகை பரவலாக விற்கப்படுகின்றன. இரண்டாவது வகையில் குறி தவறாமல் வீச முடியும். ஆனால் கட்டைவிரல் பழகும்வரை நரம்பு சிக்கலாகித் தொல்லை தரும். புதியவர்களுக்கு முதல் வகையே ஏற்றது. ஸ்பின்னிங் ரீலின் அளவைக் குறிக்கும் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்றே மாறினாலும், டிரௌட்டுக்கு 1000 முதல் 2000 வரை, விராலுக்கு 2500 முதல் 4000 வரை, மஹசீருக்கு 5000 முதல் 8000 வரை எனக் கொள்ளலாம். மஹசீர் முதல் ஓட்டத்திலேயே நீரோட்டத்தோடு வெகுதூரம் பாயக்கூடியது என்பதால், ரீல் குறைந்தது 200 மீட்டர் நரம்பைக் கொள்ள வேண்டும்.

'5.2:1' போன்ற குறி, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பைச் சுற்றும் பகுதி எத்தனை முறை சுழலும் என்பதைச் சொல்கிறது. எண் உயர்ந்தால் வேகம் கூடும், இழுவிசை குறையும். உறையின் மேல் பெரிதாக அச்சிடப்படும் பேரிங் எண்ணிக்கையால் ரீலின் தரத்தை அளவிட முடியாது. உண்மையில் சோதிக்க வேண்டியது 'டிராக்' எனப்படும் தடை அமைப்பை. மீன் இழுக்கும்போது நரம்பை அறுபடாமல் சீராக விட்டுக்கொடுப்பது அதுதான். கடையிலேயே நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்தால், அது வெட்டி வெட்டி வருகிறதா, ஒழுங்காக வருகிறதா என்பது தெரிந்துவிடும். நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே டிராக்கை இறுக்குவது வழக்கம். 30 பவுண்டு நரம்பென்றால் ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கரை கிலோ. இதை ஊகிக்கத் தேவையில்லை. காய்கறி நிறுக்கும் சிறு வில் தராசை நரம்பின் நுனியில் மாட்டி இழுத்தால் அளந்துவிடலாம்.

நரம்பும் கொக்கியும்

ஒற்றை இழை நைலான் மலிவானது. இழுபடும் தன்மை மிக்கதால் திடீர் அதிர்ச்சியைத் தாங்குவது. வெயிலில் கிடந்தால் வலுவிழப்பதால் ஆண்டுக்கொருமுறையேனும் மாற்ற வேண்டும். பின்னல் நரம்பு அதே வலுவுள்ள நைலானில் ஏறத்தாழப் பாதித் தடிமனே கொண்டது. தொலைவுக்கு வீச உதவும், மீனின் சிறு தொடுதலையும் உணர்த்தும். ஆனால் கூரிய பாறையில் உரசினால் நொடியில் அறும். இமயமலை ஆறுகளின் படுகை முழுவதும் பாறை என்பதால், 30 முதல் 50 பவுண்டு பின்னல் நரம்பின் முனையில் ஒன்றிரண்டு மீட்டர் தடித்த நைலானையோ ஃப்ளூரோகார்பனையோ இணைத்துக் கட்டுவர். முடிச்சை இறுக்கும்முன் நனைக்க வேண்டும்; உலர்ந்த முடிச்சை இறுக்கும்போது உண்டாகும் வெப்பமே நரம்பைப் பலவீனமாக்கிவிடும்.

பாஸ் கருவிகளுக்கும் மஹசீருக்கும் இடையிலான பொருத்தமின்மை வெளிப்படையாகத் தெரிவது கொக்கியில்தான். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மஹசீருக்குத் தாடையில் பற்கள் இல்லை, தொண்டையில் உண்டு. இரையை நசுக்கும் அதன் வலுவில் மலிவான செயற்கை இரைகளின் மெல்லிய மும்முனைக் கொக்கிகள் நிமிர்ந்தும் நெளிந்தும் போகின்றன. ஆகவே புதிய இரையை வாங்கியதும் அதன் கொக்கிகளையும் அவற்றைத் தாங்கும் சிறு வளையங்களையும் அகற்றி, வலுவான ஒற்றைக் கொக்கிகளைப் பொருத்துவது அனுபவசாலிகளின் முதல் வேலை. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனைச் சில நொடிகளில் விடுவிக்கலாம். சில மீன்கள் நழுவும் என்பது உண்மையே. வலையைப் பொறுத்தவரை முடிச்சற்ற ரப்பர் வலை செதில்களையும் மேனியின் வழவழப்பான படலத்தையும் காக்கிறது. உலர்ந்த கையால் தொடுவதும், புகைப்படத்துக்காக மணலில் கிடத்துவதும் அந்தப் படலத்தை உரித்துவிடும்.

விராலும் டிரௌட்டும்

பாஸ் கருவி ஏறக்குறைய அப்படியே பொருந்தும் இந்திய மீன் விரால். இரண்டுமே பாசி, தாமரை இலை இவற்றினிடையே பதுங்கிப் பாய்பவை. ஏழு அடி வலுவான கழி, 40 பவுண்டு பின்னல் நரம்பு, பாசியில் சிக்காத ரப்பர் தவளை இருந்தால் போதும். விராலுக்குத் தாடையில் பற்கள் உண்டென்பதால் முனை நரம்பு தடித்திருக்க வேண்டும். குளத்தின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக எழுந்து மூச்சுவிடுவது தெரிந்தால், அங்கு தூண்டில் வீசலாகாது. அடியில் காவலிருக்கும் தாய் தந்தை மீன்கள் பசிக்காக அல்ல, குஞ்சுகளைக் காக்கவே தவளையைத் தாக்குகின்றன. அவை போனால் அந்தக் குஞ்சுகளுக்குக் காவலில்லை.

இமாச்சலப் பிரதேச ஓடைகளின் டிரௌட் மீன்கள் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை. நீலகிரியின் அவலாஞ்சியிலும் அதே காலத்தில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இவற்றுக்கு ஆறு அடி மெல்லிய கழியும் நான்கு முதல் ஆறு பவுண்டு நரம்பும் போதும்.

எங்கே அனுமதி?

தில்லிக்குள் வஜீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடையிலான 22 கிலோமீட்டர் யமுனை, கழிவுநீர் மிகுந்த பகுதி. அங்கு பிடிபடும் மீனை உண்பது உசிதமல்ல. நயார் ஆறு கங்கையில் கலக்கும் வியாஸ் காட், சரயு காளி நதியில் கலக்கும் பஞ்சேஷ்வர் போன்ற இடங்களையே மஹசீர் ஆர்வலர்கள் நாடுகின்றனர்.

கருவி வாங்குமுன் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சரணாலயங்களுக்குள் தூண்டில் போடுவதற்குத் தடை வந்ததையடுத்து, கர்நாடகக் காவிரியின் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமகளி முகாம்களில் மீன்பிடிப்பு 2012 வாக்கில் நின்றது. தூண்டில்காரர்கள் இருந்தவரை வெடிவைத்து மீன் பிடிப்போர் ஒதுங்கியிருந்தனர் என ஆர்வலர்கள் வாதிடுகின்றனர். அதில் பொருள் இல்லாமலில்லை. கலிபோர் முகாமின் பிடிப்புப் பதிவேடுகளே திமில் மஹசீரின் வீழ்ச்சியை ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. ஆயினும் சட்டம் விலக்கு அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட வனப்பகுதிகள் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஆறுகளுக்கு மாநில மீன்வளத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். இமாச்சலில் டிரௌட் பிடிக்க நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை தடை உள்ளது. மஹசீர் முட்டையிடக் கிளையாறுகளில் ஏறும் மழைக்காலத்திலும் தூண்டில் போடலாகாது. ஒவ்வோர் ஆற்றுக்கும் நிபந்தனைகள் மாறுவதால், பயணச்சீட்டு எடுக்குமுன் அந்தந்த மாவட்ட மீன்வள அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது பாதுகாப்பானது.