உலையோடு சேர்ந்து மூப்படையும் எஃகுத் துண்டுகள்

அணு உலையின் அழுத்தக்கலனுக்கான எஃகு, ஆலையிலிருந்து வெளிவரும் நாளில் எல்லாச் சோதனைகளிலும் தேறியிருக்கும். அந்தச் சான்று அன்றைய எஃகுக்கு மட்டுமே செல்லும். உலை இயங்கத் தொடங்கியதும் வேக நியூட்ரான்கள் உலோகத்தின் அணுக்களை இடம்பெயர்க்கின்றன. எஃகில் கலந்துள்ள செம்பு நுண்திரள்களாகப் பிரிகிறது. உலோகம் இறுகி, நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. எனவே, உலை இயங்கும் காலம் முழுவதும் கட்டுமானப் பொருள்களின் ஆய்வகச் சோதனையும் தொடர வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கான முறை எளியது. 10 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவ வெட்டு இட்டு, ஊசல் சுத்தியலால் ஒரே அடியில் உடைக்கிறார்கள். அதற்குச் செலவாகும் ஆற்றலைப் பல வெப்பநிலைகளில் அளந்தால், எந்த வெப்பநிலைக்குக் கீழே எஃகு நொறுங்கும் என்பது தெரியவரும். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் சார்பியின் பெயரால் வழங்கும் இச்சோதனைக்கான துண்டுகளைக் கலனுக்குள்ளேயே வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து உடைக்கிறார்கள். சுவரைவிட உலைமையத்துக்கு அருகில் இருப்பதால், சுவர் பின்னாளில் அடையப்போகும் நிலையை அவை முன்னதாகவே காட்டிவிடுகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய யாங்கி ரோ நிலையத்தில் இக்கண்காணிப்பு அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே நின்றுபோனது. கலன் எவ்வளவு நொறுங்கும் நிலையில் இருக்கிறது என்ற ஐயம் பின்னர் எழுந்தபோது, அதைத் தீர்க்கப் போதிய தரவு இல்லை. 1991-இல் நிறுத்திய உலை மறுபடி இயங்கவே இல்லை.

கணினிக் கணக்கு போதாதா, கதிரியக்கம் ஏறிய துண்டுகளைத் தடித்த சுவருக்குப் பின்னால் வைத்து இயந்திரக் கரங்களால் கையாளும் செலவு எதற்கு என்று கேட்பார்கள். கணக்கு, நாம் அறிந்த விளைவைத்தான் கணிக்கும். பிரிட்டனின் டவுன்ரே வேக உலையில் இருந்த துருப்பிடிக்காத எஃகில் நுண்வெற்றிடங்கள் பெருகி உலோகம் உப்புவதை காதோர்ன், ஃபுல்டன் இருவரும் 1967-இல் அறிவித்தார்கள். எதிர்பாராத அந்த விளைவு, கதிரேறிய உலோகத்தை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்ததால்தான் வெளிப்பட்டது. விரைந்து கதிரேற்றிய துண்டு, மெல்ல மூப்படையும் சுவரை அப்படியே பிரதிபலிக்காது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை ஏற்கிறேன். ஆனால் அது சோதனையைக் குறைக்கச் சொல்லவில்லை. விரைவாகவும் மெதுவாகவும் கதிரேறியவற்றை ஒப்பிடச் சொல்கிறது.

கல்பாக்கத்தில் 1985-இல் முதன்முதலாக இயங்கிய சோதனை ஈனுலை இதற்கு நல்ல முன்மாதிரி. அதன் கார்பைடு எரிபொருளையும் எஃகு உறையையும் கட்டங்கட்டமாக வெளியே எடுத்து ஆராய்ந்து, அந்தச் சான்றின் பலத்தில்தான் எரிபொருளின் பயன்பாட்டு வரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். பழைய உலைகளின் ஆயுளை நீட்டிக்க முனையும் நாடுகளுக்கும் இந்த ஒழுங்கே வழி: சோதிக்கத் துண்டு இல்லையென்றால், நீட்டிக்க உரிமையும் இல்லை.