மண்ணுக்குள் இருக்கும் இழப்பு: பெருந்துறை மஞ்சள் தோட்டங்களும் வறட்சி நிவாரணமும்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தது. 33 விழுக்காட்டுக்குக் குறையாத சேதம் இருந்தால் நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287, மானாவாரிக்கு 3,000 என நிவாரணம். ஏன் இந்தச் சில்லறைக் கணக்கு? பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறையில் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய்; அதை ஏக்கராக்கினால் 5,465. 18,000ஐ ஏக்கராக்கினால் 7,287. மானாவாரிக்கு உரிய 6,800 மட்டும் 2,750 சொச்சமாக வர, அதை 3,000 ஆக்கினார்கள். எந்தத் தோட்டத்தின் செலவையும் பார்த்து வந்த தொகை அல்ல இது. விதிமுறையும் இதை இழப்பீடு என்று சொல்வதில்லை. இடுபொருள் மானியம் என்கிறது.

அந்தப் பெயருக்காவது பொருந்துகிறதா? மஞ்சளுக்கு ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ வரை விதைக்கிழங்கு வேண்டும். கிலோ 10 ரூபாய் என்று மிகக் குறைத்துப் போட்டாலும் விதைக்கே குறைந்தது 6,000 ஆகிறது. உழவு, பார் பிடிப்பது, களையெடுப்பு, உரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொகை போதாது என்பது பலரும் சொல்லும் குறை. என் வாதம் அதற்கு முந்தையது. சேதத்தைக் கண்ணால் பார்த்து அளக்கும் முறையே நெல் வயலுக்கு ஏற்றது. பெருந்துறை வட்டாரத்தின் இரு முக்கியப் பயிர்களான மஞ்சளுக்கும் தென்னைக்கும் அது பொருந்தாது.

வைகாசி, ஆனியில் ஊன்றிய மஞ்சள் தை, மாசியில் வெட்டுக்கு வரும். அதற்கு முன் தண்ணீர்க் குறையே இல்லாத தோட்டத்திலும் இலை பழுத்துத் தாள் சாயும். 2017இல் அறிவிப்பு வந்தது மார்கழிக் கடைசியில். அந்தப் பருவத்தில் வரப்பில் நின்று பார்ப்பவருக்கு விளைந்த பாத்தியும் காய்ந்த பாத்தியும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கொத்திப் புரட்டினால்தான் உண்மை வெளிவரும்: ஒன்றில் கிழங்கைச் சுற்றிப் பருத்த விரலிகள், மற்றதில் பென்சில் கனத்தில் இரண்டு மூன்று. கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் எவ்வளவு நேர்மையாகப் பார்த்தாலும் மண்ணுக்குள் இருக்கும் இழப்பு கண்மதிப்பில் அகப்படாது.

தென்னையின் கதை வேறு. மரம் பட்டுப்போனால் எண்ணிவிடலாம். படாமல் தப்பிய மரத்தில் குரும்பை உதிர்வதும் பாளை சிறுத்து வருவதும் அடுத்த ஆண்டுக் காய்ப்பில்தான் முழுதாகத் தெரியும். அதற்குள் கணக்கெடுப்புக் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

அளப்பதில் மட்டுமல்ல, பதிவேட்டிலும் சிக்கல் உண்டு. கொங்கு உழவர்கள் நிலத்தைக் காடு, தோட்டம், வயல் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் பல வருவாய்ப் பதிவேட்டில் வெறும் புஞ்சை. அடங்கல் எனும் பயிர்ப் பதிவேட்டில் பாசன ஆதாரம் சரியாக ஏறாவிட்டால் தோட்டம் மானாவாரிக் கணக்கில் விழும். 2017 தொகைப்படி ஏக்கருக்கு 2,465 ரூபாய் போய்விடும். வாய்ச்சொல்லில் குத்தகைக்கு எடுத்து உழுபவர் நிலை இன்னும் மோசம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; ஆனால் பதியப்படாத குத்தகையில் நட்டம் அவருக்கு, பணம் பட்டாதாரருக்கு.

உடனடி உதவிக்குக் கண்மதிப்பே வழி என்பார்கள். நெல்லுக்கு அது சரி. மஞ்சள்காரருக்குப் பணம் தேவைப்படுவது அடுத்த வைகாசி நடவுக்கு. மாசியில் வெட்டும்போது நிறுத்துப் பார்த்தாலும் அதற்குள் கொடுத்துவிடலாம். அப்படி மகசூலை நிறுத்துக் கணக்கிடும் பயிர் அறுவடைப் பரிசோதனை காப்பீட்டுத் திட்டத்துக்காக ஏற்கெனவே நடைமுறையில் உள்ளதுதான். பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் மஞ்சள் வரத்துக் கணக்கையும், இங்கு நடக்கும் கொப்பரை ஏலக் கணக்கையும் அதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

2022 முதல் விதிமுறைத் தொகை பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, நீண்டகாலப் பயிருக்கு 22,500 என உயர்ந்திருக்கிறது. 33 விழுக்காட்டு வரம்பும் மானாவாரி, பாசனம், நீண்டகாலம் என்ற மூன்று பிரிவுகளும் மாறவில்லை. பத்து மாதம் நிலத்தில் கிடக்கும் மஞ்சள் இன்றும் நெல்லோடு ஒரே பிரிவில்தான் இருக்கிறது.