அன்னபேதியில் தொடங்கிய கதை

ஆயக்குடிப் பக்கம் கொய்யா வைத்திருக்கும் எங்களுக்கு இலைவழி ஊட்டம் அன்றாட வேலை. மார்ச்சிலும் அக்டோபரிலும் 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ யூரியாவும் அரை கிலோ துத்தநாக சல்பேட்டும் கரைத்து, ஒட்டுதிரவம் கொஞ்சம் சேர்த்து, வெயில் ஏறும் முன் அடித்து முடிப்போம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது, அது பிரான்சில் போய் நின்றது.

1840-களில் அங்கே எய்சேப் கிரி என்ற வேதியியலாளர், வெளுத்த இலைகளில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டுக் கரைசலைத் தடவிப் பார்த்தார். பட்ட இடம் பச்சையானது. ஆனால் வயலுக்குப் போக அது வெகுகாலம் காத்திருந்தது.

ஹவாயின் ஓஹு தீவில் மாங்கனீசு மிகுந்த கருநிலங்களில் அன்னாசி மஞ்சளாகி நின்றது. மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. செடியால்தான் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1916-இல் மேக்ஸ்வெல் ஜான்சன் என்ற ஆய்வாளர், இரும்பு சல்பேட்டை இலையில் தெளிக்கலாம் என்று காட்டினார். தோட்டங்கள் மீண்டும் பச்சை பிடித்தன.

கலிபோர்னியாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. பழமரங்களில் இலை சிறுத்துப்போகும் நோய்க்கு மண்ணில் அன்னபேதியை அள்ளிக் கொட்டினார்கள். மரம் தேறியது. ஆனால் தேற்றியது இரும்பல்ல, அதில் கலப்படமாக ஒட்டியிருந்த துத்தநாகம் என்பதை 1930-களின் தொடக்கத்தில் சாண்ட்லர், ஹோக்லண்ட், ஹிப்பர்ட் என்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். துத்தநாகம் பூசிய ஆணியை மரத்தில் அடித்தும் பார்த்தார்கள். துத்தநாகத் தெளிப்பும் வந்தது.

இலை உண்மையிலேயே சத்தை உறிஞ்சுகிறதா என்ற சந்தேகத்தை 1950-களில் மிச்சிகனில் டூக்கி, விட்வர் என்ற ஆய்வாளர்கள் தீர்த்தார்கள். கதிரியக்க மணிச்சத்தை இலையில் இட்டு, அது செடிக்குள் எங்கெல்லாம் போகிறது என்று கருவி வைத்துத் தொடர்ந்தார்கள்.

இந்த வரலாற்றில் வயலில் பலித்தவற்றைப் பாருங்கள். இரும்பு, துத்தநாகம்: செடிக்குக் கிராம் கணக்கில் வேண்டியவை, மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாதவை. அங்கேதான் இலைவழி வென்றது. தழைச்சத்தின் கணக்கு வேறு. ஒரு கொய்யா மரத்துக்கு 5 லிட்டர் அடித்தால் உள்ளே இருப்பது 50 கிராம் யூரியா. அதில் தழைச்சத்து 23 கிராம். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்குச் சிபாரிசு 1 கிலோ. கரைசலைக் கெட்டியாக்கினால் இலை கருகும்.

ஆகவே, ‘இதை அடித்தால் அடியுரமே வேண்டாம்’ என்று யாராவது பாட்டிலை நீட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மரத்துக்கு 50 கிலோ தொழுவுரத்தை வைத்துவிட்டு, அதன்பிறகு தெளிப்பானைத் தூக்குங்கள்.