வளைகுடாவில் குவாண்டம் சாவி: ஒளியிழையும் நடு நிலையமும்

1. பொருள்

துபாய் தேராவில் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் நின்று ஊருக்குப் பணம் அனுப்புகிறவர், ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பதற்குள் அந்தத் தகவல் மறைகுறியாகிக் கிளம்பிவிடும். சீ-மீ-வீ 4 போன்ற கடலடி வடங்கள் புஜைராவையும் மும்பை, சென்னை, கொழும்பையும் இணைக்கின்றன. இத்தகைய தரவைப் பூட்டும் சாவிகளில் பல, பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பியே இருக்கின்றன. குவாண்டம் கணினிக்கு அது எளிது என்று பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். இன்று ஒட்டுக்கேட்டுச் சேமித்து வைப்பவர் என்றோ ஒருநாள் அதைத் திறந்து படிக்கலாம்.

2. முறை

இதற்கு மாற்று, குவாண்டம் சாவி. சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் 1984இல் வகுத்த முறையில் சாவி தனித்தனி ஒளித்துகள்களில் ஏறிச் செல்கிறது. அறியாத குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது. இடையில் யாரேனும் அளந்தால் பிழை கூடும். அதைக் கண்டதும் இரு முனைகளும் அந்தச் சாவியைக் கைவிடும்.

3. இழப்பு

ஒளியிழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு. அபுதாபியிலிருந்து துபாய்க்கு 140 கி.மீ. என்று கொண்டால் 28 டெசிபெல்: ஆயிரம் துகள் கிளம்பினால் ஒன்றிரண்டே சேரும். நொடிக்குக் கோடிக்கணக்கில் அனுப்பினால் அதுவே போதும். புஜைரா–மும்பைக்கு அது போதாது. கடலடி வடத்தின் பெருக்கிகள் சாதாரண ஒளித்துடிப்புக்கு உயிர். குவாண்டம் நிலையையோ அவை குலைத்துவிடும். அந்தத் தொலைவுக்குச் செயற்கைக்கோளே வழி. அதற்கான ஆய்வு அபுதாபியின் தொழில்நுட்பப் புத்தாக்க நிறுவனத்தில் நடக்கிறது. இந்தியப் பக்கம் சென்னை ஐஐடி குவாண்டம் தொடர்பியல் மையமாகியிருக்கிறது.

4. நடு நிலையம்

நிலத்தில் தொலைவைக் கடக்க இடைநிலையங்கள் வைப்பது இன்னொரு வழி. பெய்ஜிங்–ஷாங்காய் குவாண்டம் சாவித் தடம் 2017இல் 2,000 கி.மீ.க்கு அமைந்தது. வழியில் 32 நிலையங்கள். இடைநிலையம் ஒவ்வொன்றிலும் சாவி வெளிப்பட்டு மறுபடி பூட்டப்படுகிறது. ஒரே அரசின் கீழ் இது நடக்கும். வளைகுடாவில் நடக்குமா? 2017 ஜூனில் சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் கத்தாருடன் உறவை முறித்தன. 2021 ஜனவரியில்தான் சீரானது. அந்த மூன்றரை ஆண்டில் அடுத்த நாட்டு அறையில் திறந்து கிடக்கும் சாவியை யார் நம்பியிருப்பார்கள்?

ஆகவே இரட்டைப்புல முறையே இப்பகுதிக்கு உகந்தது என்பது என் முடிவு. கேம்பிரிட்ஜ் தோஷிபா ஆய்வாளர்கள் 2018இல் முன்வைத்தது இது. இரு முனைகளும் ஒளியை நடுவுக்கு அனுப்பும். நடுவில் இருப்பவர் குறுக்கீட்டை அளந்து முடிவை வெளிப்படையாக அறிவிப்பார். சாவி அவருக்குத் தெரியாது. சீனாவில் 2023இல் இம்முறை 1,000 கி.மீ. இழையைத் தாண்டியது.

அபுதாபிக்கும் தோஹாவுக்கும் இடையே 300 கி.மீ. சொச்சம். நேரே அனுப்பினால் பத்து லட்சத்தில் ஒரு துகள் சேரும். நடுவில் சந்தித்தால் ஆயிரத்தில் ஒன்று. ஏறத்தாழ அந்த நடுவில்தான் அமீரகத்தின் எண்ணெய்த் தீவான தாஸ் இருக்கிறது. அளக்கும் கருவி அங்கே நின்றாலும் கத்தார் அதை நம்பவேண்டியதில்லை. மிஞ்சும் சிக்கல் பொறியியல் சார்ந்தது: வெப்பத்தில் இழை நுண்ணளவு நீண்டு சுருங்கும்போதும் இரு லேசர்களின் கட்டம் ஒன்றாக நிற்கவேண்டும். அந்தச் சோதனையை இந்தக் கடலில், ஆகஸ்ட் வெயிலில் செய்து பார்க்கவேண்டும்.